ஒரு கிட், 24 உருகல்கள்: பாளையங்கோட்டை ஆய்வகம் ஒன்றின் பிசிஆர் வினைபொருள் நிகழ்வு ஆய்வு

2024ஆம் ஆண்டு கார்த்திகையில், பிசான நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் நின்றிருந்த நாட்களில், பாளையங்கோட்டையில் நான் பொறுப்பு வகிக்கும் சிறிய தனியார் ஆய்வகத்தில் எலிக்காய்ச்சலுக்கான ரியல்டைம் பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனையின் பாசிட்டிவ் கண்ட்ரோல் (கிருமியின் டிஎன்ஏ இருப்பது உறுதியான ஒப்பீட்டு மாதிரி), வழக்கமாகக் காட்டும் 27ஐ ஒட்டிய சிடி மதிப்பை விட்டு விலகி 30.2 காட்டியது. சோதனைக்கான வினைபொருள்கள் அடங்கிய கிட்டுடன் வந்த விவரத்தாள் 32 வரை ஏற்கலாம் என்கிறது. ஆகவே விதிப்படி அன்றைய சோதனை செல்லும். அன்றைய தாளில் கையெழுத்திட்டதும் நான்தான். கோளாறு இருப்பதை முதலில் உணர்ந்தவர், எங்களிடம் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் தொழில்நுட்பர். சந்தேகத்துக்குரிய ஒரு மாதிரியை அவர் ஒரே தட்டில் இரண்டு குழிகளில் வைத்துப் பார்த்திருக்கிறார். "அக்கா, ஒரே சாம்பிள்தான், ஆனா ரெண்டு குழிக்கும் ஒண்ணேகால் சைக்கிள் வித்தியாசம் வருது. இது சாம்பிளோட கோளாறு மாதிரி தெரியல" என்று அவர் வந்து சொன்ன பிறகுதான் பழைய தாள்களைப் புரட்டினேன்.

பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் தேடப்படும் டிஎன்ஏ துண்டு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது; ஒளிர்வு ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் சுற்றின் எண்தான் சிடி. ஆகவே ஒரு சுற்று தாமதம் என்பது தொடக்கத்தில் பாதி அளவே இருந்தது போன்ற தோற்றத்தையும், 3.3 சுற்றுத் தாமதம் என்பது பத்தில் ஒரு பங்கே இருந்தது போன்ற தோற்றத்தையும் தரும். எலிக்காய்ச்சலில் இது சின்ன விஷயம் அல்ல. நோய்க்கிருமியான லெப்டோஸ்பைரா நோயாளியின் இரத்தத்தில் முதல் வாரம் வரைதான் பிசிஆருக்குச் சிக்கும். அதற்குப் பின் எதிர்பொருள் சோதனைகளைத்தான் நம்ப வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களிலிருந்து காய்ச்சலோடு வருபவர் இரண்டு மூன்று நாள் ஊர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மருத்துவரிடம் போகிறார். எங்கள் மேசைக்கு இரத்தம் வந்து சேரும்போது ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஆகியிருக்கும். கிருமி குறைந்து வரும் அந்த நேரத்தில் சோதனையும் தன் கூர்மையை இழந்திருந்தால், கிடைத்திருக்க வேண்டிய பாசிட்டிவ் கை நழுவிப் போகும்.

சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்

ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம் மின்தடை. அதற்கு நியாயம் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் புரட்டிப்போட்ட மழையின்போது மின்சாரம் இல்லாமல் தவித்த நினைவு யாருக்கும் ஆறவில்லை. அதன் பிறகு பிசிஆர் இயந்திரமான தெர்மல் சைக்கிளருக்கு யூபிஎஸ் வாங்கினோம். ஃப்ரீசரின் காலி இடங்களில் ஜெல் பொதிகளை அடுக்கி வைத்தோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்சாரம் போனால் திரும்பி வரப் பிற்பகல் 2 மணி ஆகும். எது கெட்டாலும் அந்த ஐந்து மணி நேரத்தின் தலையில் கட்டிவிடுவது எங்களுக்கும் பழகிப்போயிருந்தது.

அடுத்த சந்தேகம் பார்சல் மேல் விழுந்தது. கிட்கள் சென்னையிலிருந்து தெர்மாக்கோல் பெட்டியில் இரவு முழுக்கப் பயணம் செய்து வருகின்றன. விடிகாலையில் வந்து இறங்கும் பெட்டி, பார்சல் அலுவலகத்தில் அண்ணாச்சி கதவு திறக்கும் வரை நிழலிலோ வெயிலிலோ காத்திருக்கும். மே மாதத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்தபோது ஜெல் பொதிகள் முழுக்க உருகி, தண்ணீர்ப் பையைப் போலத் தளர்ந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்களும் பொருத்தமானவைதான், ஆனால் இரண்டுமே இந்த நிகழ்வுக்குக் காரணம் அல்ல என்பது ஒரு வரைபடத் தாளில் தெரிந்தது.

ரம்பப் பல்

முந்தைய ஆறு மாதங்களின் பாசிட்டிவ் கண்ட்ரோல் மதிப்புகளை வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்தபோது கோடு மேலும் கீழும் சிதறவில்லை. 27.2இல் தொடங்கி மெல்ல ஏறி 30ஐத் தொட்டு, சட்டென்று 27.3க்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, மரம் அறுக்கும் ரம்பத்தின் பற்களைப் போல ஒழுங்காக நின்றது. மின்நிறுத்தத் தேதிகளைச் சிவப்பு மையால் குறித்தோம். அவை பற்களின் எந்த முனையோடும் பொருந்தவில்லை. புதிய கிட் திறந்த தேதிகளைப் பச்சையால் குறித்தோம். ஒவ்வொரு பல்லின் சரிவும் ஒரு பச்சைக் கோட்டின் மேலேயே விழுந்தது.

சென்னையிலிருந்து வந்த ஒவ்வொரு கிட்டும் திறந்த அன்று 27ஐ ஒட்டியே காட்டியிருப்பதால் பயணத்தில் அது கெடவில்லை. கெட்டது எங்கள் கையில், திறந்த நாளுக்கும் தீர்ந்த நாளுக்கும் இடையில். நாள்தோறும் பார்த்தால் தெரியாத ஏற்றம் இது. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் சராசரியாக 0.1 சுற்றுதான் வித்தியாசம். ஏற்பு எல்லை 32 என்று அச்சிட்டிருந்ததால், 32ஐத் தாண்டாத எதையும் நாங்கள் கேள்வி கேட்கவில்லை. விவரத்தாளின் எல்லை, சோதனை முற்றிலும் செத்துவிட்டதா என்று பார்க்கும் எல்லை. சோதனை நலிந்து வருகிறதா என்பதை அந்தந்த ஆய்வகத்தின் சொந்தச் சராசரிதான் சொல்லும். இதைப் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனாலும் தாளில் கையெழுத்திடும்போது கண் அச்சிட்ட எண்ணைத்தான் தேடியது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். கிட் ஒன்றில் 96 வினைகளுக்கான பொருள் இருக்கிறது. பெருநகர ஆய்வகத்தில் அது ஒரே தட்டில், ஒரே நாளில் தீர்ந்துவிடும். எங்களுக்கு வருவது நாளுக்குச் சராசரியாக இரண்டு மாதிரிகள். அவற்றோடு ஒரு பாசிட்டிவ் கண்ட்ரோல், ஒரு நெகட்டிவ் கண்ட்ரோல் (கிருமி இல்லாதது) என நான்கு வினைகள். ஆகவே ஒரு கிட் 24 நாள் ஓடும். அதாவது ஒரே மாஸ்டர் மிக்ஸ் (நொதி உள்ள கலவை) ட்யூபும் ஒரே பிரைமர்–புரோப் (தேடும் டிஎன்ஏ துண்டை அடையாளம் காணும் துணுக்குகள்) ட்யூபும் 24 முறை உருகி 24 முறை உறையும். ஒவ்வொரு முறையும் உருகக் காத்திருந்து, கலந்து, பங்கிட்டு, திரும்ப வைக்க 45 நிமிடம் என்று கொண்டால், கடைசி நாளுக்குள் அந்த ட்யூப் மேசையில் இருந்த நேரம் மட்டும் 18 மணி. உருக்கி உறைய வைப்பதைக் குறைக்க வேண்டும் என்பது எல்லா விவரத்தாளிலும் இருக்கும் வரிதான். அதைப் பெரிய ஆய்வகம் மறந்தாலும் பெரிய கேடில்லை. மாதிரி குறைவாக வரும் சிறிய ஊர் ஆய்வகத்தில்தான் அந்த வரி உயிர்நாடி.

எட்டுக் கலவைகள்

ஏறிய மூன்று சுற்றுகளும் எந்த ட்யூபில் இருந்து வந்தன என்று பார்க்க வேண்டியிருந்தது. இங்கே எளிதில் ஏமாறலாம்: பாசிட்டிவ் கண்ட்ரோலும் அதே பெட்டியில் இருந்து அதே 24 முறை உருகியது, கண்ட்ரோல் டிஎன்ஏதான் நலிந்து, வினைபொருள்கள் நன்றாகவே இருக்கலாம். அப்படியானால் நோயாளிகளின் முடிவுகளுக்குப் பாதிப்பே இல்லை.

கையிருப்பில் அதே லாட் எண்ணுள்ள (ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த), திறக்காத கிட் ஒன்று இருந்தது. லாட் எண் வேறாக இருந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லாமல் போயிருக்கும். கண்ட்ரோல், பிரைமர்–புரோப், மாஸ்டர் மிக்ஸ் என்ற மூன்றையும் பழையது, புதியது என மாற்றி மாற்றி எட்டுக் கலவைகள் செய்து, ஒவ்வொன்றையும் இரண்டு குழிகளில் வைத்தோம். எல்லாம் புதியது: 27.3. எல்லாம் பழையது: 30.2. கண்ட்ரோல் மட்டும் பழையது: 28.2. மாஸ்டர் மிக்ஸ் மட்டும் பழையது: 27.9. பிரைமர்–புரோப் மட்டும் பழையது: 28.6. மற்ற கலவைகளின் மதிப்புகளும் இவற்றைக் கூட்டினால் வரக்கூடிய இடங்களுக்கு அருகிலேயே இருந்தன.

ஆக, தாமதத்தில் ஏறக்குறைய 0.9 சுற்று கண்ட்ரோலுடையது. மிக நீர்த்த டிஎன்ஏ கரைசல் அப்படித்தான். ஒவ்வொரு உருகலிலும் கொஞ்சம் சிதைகிறது, கொஞ்சம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பங்கைக் கழித்தால் நோயாளிகளின் மாதிரியைத் தொடும் இழப்பு இரண்டு சுற்று, அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறைந்த கூர்மை. 30.2ஐப் பார்த்து எட்டில் ஒரு பங்கு என்று முதலில் பதறியது மிகை. கண்ட்ரோல்தான் கெட்டது, கவலை வேண்டாம் என்று விட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய பிழையாகியிருக்கும்.

பிரைமர்–புரோப் ட்யூபின் கதை தனி. புரோப்பில் ஒளிரும் சாயம் இணைந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுக்கும். இயந்திரத்தின் மூல ஒளிர்வு அளவுகளைத் திறந்து பார்த்தோம். பழைய ட்யூபில் அடிநிலை ஒளிர்வும் குறைவு, ஏறி நிற்கும் உச்சமும் குறைவு. புரோப் சிதைந்திருந்தால் சாயம் கழன்று அடிநிலை உயர்ந்திருக்க வேண்டும். இங்கே அது தாழ்ந்திருந்ததால் வெளுத்ததே முதன்மைக் காரணம் என்று முடிவு செய்தோம். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ட்யூப்கள் உருகுவதற்காக வைக்கப்படும் ரேக் கிழக்கு ஜன்னலுக்கு நேர்கீழே, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருந்தது. வேலை தொடங்கும் 9 மணிக்கு நெல்லை வெயில் அந்த மேசையில் பாய் விரித்துக் கிடக்கும்.

ஃப்ரீசரும் மேசையும்

ஒரே மாதிரிக்கு இரண்டு குழிகளில் ஒன்றேகால் சுற்று வித்தியாசம் ஏன் வந்தது என்பதை இந்த எட்டுக் கலவைகள் விளக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தோம். உருகி முடித்த பிரைமர்–புரோப் ட்யூபை அசைக்காமல் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்ல ஒருமுறை சாய்த்தால், அடியிலிருந்து மேலே நெளியும் கோடுகள் எழுந்தன. தண்ணீரில் சர்க்கரைப் பாகு கரையும்போது தெரிவதைப் போல. கரைசல் உறையும்போது தண்ணீர் முதலில் பனிக்கட்டியாகி, கரைந்திருப்பவற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. உருகும்போது செறிவான பகுதி முதலில் இளகி அடியில் தங்குகிறது. குச்சி ஐஸை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிட்டு வெறும் பனிக்கட்டி மிஞ்சுவதும் இதே காரணத்தால்தான். கலக்காமல் மேலிருந்து எடுக்கும் 2.5 மைக்ரோலிட்டரும் அடியிலிருந்து எடுக்கும் 2.5 மைக்ரோலிட்டரும் ஒன்றல்ல. மெக்னீசியம் உப்பு தனி ட்யூபில் வரும் கிட்களில் இந்த வேறுபாடு இன்னும் கொடியது. நொதியின் வேலையே மெக்னீசியத்தின் அளவை நம்பி நிற்கிறது.

எங்கள் தொழில்நுட்பர்கள் ஏன் கலக்கவில்லை? நொதி உள்ள ட்யூபை வோர்டெக்ஸில் (ட்யூபை அதிரவைத்துக் கலக்கும் கருவி) வைக்கக் கூடாது, நுரை வந்து நொதி கெடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒரு ட்யூபுக்கான எச்சரிக்கை நாளடைவில் எல்லா ட்யூபுக்கும் பரவிவிட்டது. இப்போது வேறுபடுத்தி எழுதி ஒட்டியிருக்கிறோம். பிரைமர்–புரோப், மெக்னீசியம், தண்ணீர் ஆகியவை முழுக்க உருகிய பின் வோர்டெக்ஸில் சில நொடிகள் வைக்கப்பட வேண்டும். நொதி உள்ளதை மெல்லப் பத்துமுறை தலைகீழாகப் புரட்டினால் போதும். இரண்டையும் அதன் பின் ஒரு நொடிச் சுழற்சியால் மூடியிலிருந்து கீழே இறக்க வேண்டும். நொதியோடு கலந்திருக்கும் கிளிசரால் கனமானது, அடியில் படியும் என்பதால் நொதியைப் புரட்டாமலே விடுவதும் தவறு.

ஃப்ரீசருக்கு வருவோம். எங்களுடையது வீட்டு உபயோக ஃப்ரிட்ஜின் மேல்தட்டு. பனி படியாத வகை. கதவில் ஒட்டிய தாளில் காலை 9 மணிக்கு மைனஸ் 20, மைனஸ் 21, மைனஸ் 20 என்று மாதக்கணக்கில் ஒரே கையெழுத்து. அந்த எண்கள் பொய்யல்ல. ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும் உண்மை சொன்னவை. கிளிசரால் நிரப்பிய சிறு குப்பியில் உணர்முனையை இறக்கி, வெப்பநிலையைத் தொடர்ந்து பதியும் டேட்டா லாகர் ஒன்றை ஒரு வாரம் உள்ளே வைத்தோம். பனி படியாத ஃப்ரீசர், படிந்த பனியைக் கரைப்பதற்காகத் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்ளும். லாகரில் நாளுக்கு இரண்டு முறை வெப்பநிலை மைனஸ் 7 வரை ஏறி, அரை மணி நேரம் கழித்து இறங்கியது. கிளிசரால் கலந்த மாஸ்டர் மிக்ஸ் அந்த வெப்பநிலையில் ஓரளவு இளகிவிடும். யாரும் தொடாமலே அதற்கு அரை உருகல். அதே வாரத்தில் ஒரு பராமரிப்பு மின்நிறுத்தமும் வந்தது. கதவைத் திறக்காமல் விட்ட ஐந்து மணி நேரத்தில், ஜெல் பொதிகளின் தயவில், வெப்பநிலை மைனஸ் 11ஐத் தாண்டவில்லை. நாங்கள் குற்றம் சாட்டிய மின்தடையைவிட, நாங்கள் பெருமையோடு வாங்கிய ஃப்ரிட்ஜ் நாள்தோறும் அதிகம் சூடேற்றியிருக்கிறது.

இந்தத் தேடலில் தொடர்பில்லாத இரண்டு தவறுகளும் அகப்பட்டன. ஒன்று, பாசிட்டிவ் கண்ட்ரோல் ட்யூப் பிரைமர்களோடு ஒரே பெட்டியில் இருந்தது; நெகட்டிவ் கண்ட்ரோல் எப்போதும் சுத்தமாக வந்ததால் கேடு நேரவில்லை என்றாலும், ஒரு மூடி சரியாகத் திருகப்படாமல் இருந்தால் எல்லா மாதிரியும் பாசிட்டிவ் ஆகும் நாள் வந்திருக்கும். மற்றொன்று, டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டின் சிதைப்புக் கரைசலை யாரோ அக்கறையோடு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். குவானிடின் உப்பு உள்ள அந்தக் கரைசலின் இடம் அறை வெப்பநிலை. குளிரில் உப்பு படிகமாகி அடியில் ஊசி ஊசியாக நின்றது. 37 டிகிரியில் வைத்துக் கரைத்து மீட்டோம். ஃப்ரிட்ஜில் வைத்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை தோசை மாவுக்குச் சரி. இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டியது: குவானிடின் கரைசல் சிந்திய இடத்தில் பிளீச்சை ஊற்றவே கூடாது, நச்சு வாயு எழும்; முதலில் தண்ணீரும் சோப்பும் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும்.

மாற்றியவை

பனியைக் கையால் நீக்க வேண்டிய பெட்டி வகை டீப் ஃப்ரீசர் ஒன்றை வாங்கினோம். பழைய ஃப்ரிட்ஜ் இப்போது 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டியவற்றுக்கு மட்டும்.

கிட் வந்த அன்றே அதைச் சிறு பங்குகளாகப் பிரிக்கிறோம். இதில் அவசரம் கூடாது. ஒரு ட்யூப் அசுத்தமானால் ஒரு நாள் வேலை போகும், பிரிக்கும்போது அசுத்தமானால் கிட்டே போகும். எனவே மாதிரி எதையும் தொடுவதற்கு முன், காலையில், வினைபொருள் அறையில், புதிய கையுறையும் ஃபில்டர் டிப்பும் கொண்டு ஒருவரே செய்கிறார். எட்டு வினைகளுக்கு ஒரு பங்கு என்று 12 பங்குகள். ஒரு பங்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே எந்த ட்யூபும் இருமுறைக்கு மேல் உருகுவதில்லை. ஒவ்வொன்றின் மேலும் லாட் எண், காலாவதித் தேதி, பிரித்த தேதி. வெளியே எடுக்கும்போதெல்லாம் மூடியில் மார்க்கரால் ஒரு கோடு. மூன்றாம் கோடு போட வேண்டிய நிலை வந்தால் அந்த ட்யூப் குப்பைக்குப் போகும். பிரிக்கக் கூடாது என்று விவரத்தாள் சொல்லும் கிட்களும் உண்டு, குறிப்பாக உலர்தூள் வகைகள். அவற்றைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்காமல் தொடுவதில்லை.

புரோப் பங்குகள் அலுமினியத் தாளில் சுற்றிய பெட்டியில் இருக்கின்றன. ரேக் ஜன்னலை விட்டு அகன்றது. அதன் இடத்தில் குளிர்விக்கும் உலோகக் கட்டை, மூடியோடு. கண்ட்ரோல், மாதிரிகளைக் கையாளும் அறைக்குக் குடிபெயர்ந்தது. சிடி வரைபடம் சுவரில் தொங்குகிறது. புதிய கிட் தொடங்கும் இடத்தில் பச்சைக் கோடு.

நாள்தோறும் ஓட்டாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டலாமே என்று கணக்காளர் கேட்டார். பாதி வினைகள் கண்ட்ரோலுக்கே செலவாவதால் அவர் கேள்வியில் தவறில்லை. ஆனால் எலிக்காய்ச்சல் முடிவை ஒரு நாள் தள்ளிப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. பங்கு பிரிப்பதற்கான ட்யூப்களின் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொன்னோம்.

இம்முறையில் ஓடிய முதல் கிட்டின் 24 நாட்களிலும் கண்ட்ரோல் 27.1க்கும் 27.7க்கும் இடையிலேயே நின்றது. ரம்பத்தின் பல் மழுங்கிவிட்டது.

பழைய சாறுகள்

சோதனையில் குறை கண்டால் அதற்கு முன் கொடுத்த முடிவுகளை அது எப்படிப் பாதித்தது என்றும் ஆராய வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலை. பிரித்தெடுத்த டிஎன்ஏ சாறுகளை நாங்கள் ஒரு மாதம் வைத்திருப்போம். கெட்ட கிட்டின் பிற்பாதியில் நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்த 11 சாறுகள் கிடைத்தன. புதிய கிட்டில் மறுபடி ஓட்டினோம். பத்து நெகட்டிவாகவே நின்றன. ஒன்று 37.2இல் எழுந்தது. மறுமுறையும் எழுந்தது.

அது அம்பாசமுத்திரம் பக்கத்து வயலில் நாற்று நட்டவருடையது. முடிவைத் திருத்தி, காரணத்தை மறைக்காமல் எழுதி, மருத்துவரிடம் தொலைபேசியிலும் சொன்னேன். அறிகுறியை நம்பி அவர் முதல் நாளே டாக்சிசைக்ளின் தொடங்கியிருந்தார். நோயாளி குணமாகி வீட்டில் இருந்தார். நன்றி சொல்லிவிட்டு மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ போன வருஷ வெள்ளத்துக்கு அப்புறம் உங்ககிட்ட அனுப்பி நெகட்டிவ்னு வந்ததெல்லாம்?" என்று கேட்டார். அந்தக் கிட்களின் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்; அவற்றிலும் அதே பற்கள் இருக்கின்றன. சாறுகள் எதுவும் எங்களிடம் இல்லை என்று அவருக்கு எழுத்தில் பதில் அனுப்பினேன்.